தஞ்சை இசைக்கு இரண்டு வாசல்கள்

எல்லை நிலத்தின் வரலாறு – பகுதி 14

சென்ற பகுதியை 1859 ஜூலை 26ஆம் நாள் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட பிரகடனத்தோடு நிறுத்தியிருந்தோம். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த பிரகடனம் அது. அதற்கு முந்தைய மாதங்களில் தெற்குத் திருவிதாங்கூரில் லண்டன் மிஷனின் ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையானதைப் பார்த்தோம்.

அந்த ஜெபக்கூடங்களுக்குள் மக்கள் என்ன பாடிக்கொண்டிருந்தார்கள்? இந்தப் பகுதி அதைப் பற்றியது. கலகத்தையும் சட்டத்தையும் எழுதிவைத்த வரலாற்று நூல்கள் பாட்டுக்கு இடம் கொடுக்கவில்லை. ஆனால் இன்றைய தமிழக, கேரள எல்லையை ஒட்டிய பனச்சமூடு, வெள்ளறடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் கதையைப் பாட்டை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிக் கதைதான் மிஞ்சும். எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த ஒரு தலைமுறை தன் நம்பிக்கையைப் பாட்டாகத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டது. அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது, யார் வழியாக வந்தது, எப்படி மலையாளத்துக்குப் போயிற்று என்பதைப் பார்ப்போம்.

தஞ்சாவூர்ச் சாஸ்திரியார்

கதை தஞ்சாவூரில் தொடங்குகிறது. 1774இல் திருநெல்வேலியில் ஒரு வேளாளக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் வேதநாயகம். பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோது ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் அவரைத் தஞ்சைக்கு அழைத்துப் போனார். தரங்கம்பாடியில் மேற்படிப்பு, பிறகு தஞ்சையில் பள்ளி ஆசிரியர் பணி. அதே சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்த மற்றொரு பிள்ளைதான் பின்னாளில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி. அரசரும் கவிஞரும் ஒரே குருவின் மாணவர்கள்.

வேதநாயகம் சாஸ்திரியார் வாழ்ந்த தஞ்சை எப்படிப்பட்ட தஞ்சை? சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர் மூவரும் அவருடைய சமகாலத்தவர்கள். சீர்காழி அருணாசலக் கவிராயரின் ராமநாடகக் கீர்த்தனைகளைத் தெருவிலும் மண்டபத்திலும் மக்கள் கேட்டுப் பழகியிருந்த காலம். குறவஞ்சி, நொண்டி நாடகம், அம்மானை என்று நாட்டு வழக்கில் இருந்த இலக்கிய வகைகளைச் சாஸ்திரியார் அப்படியே எடுத்துக்கொண்டார். 1800இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கட்டமைப்பில், இன்ன ராகம் இன்ன தாளம் என்று குறித்து, நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் எழுதினார். பாடகர் குழுவோடு ஊர் ஊராகப் போய்க் கதாகாலட்சேபம் செய்தார்.

அவருக்கும் புதிதாக வந்த மிஷனரிகளுக்கும் 1820களில் பெரும் சண்டை மூண்டது. வேத புத்தகத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், திருவிருந்தில் சாதிகளைக் கலக்கிறார்கள், பண்டிகைகளில் பூவைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டை ஆலயத்திலிருந்து விலக்குகிறார்கள் என்று நான்கு கொடுமைகளை அவர் பட்டியலிட்டார். இந்த நான்கில் இரண்டாவதை நாம் மழுப்பக் கூடாது. சாதிப் பிரிவினை ஆலயத்துக்குள்ளும் நீடிக்க வேண்டும் என்று வாதிட்டவர் அவர். நான்காவதையும் மறக்கக் கூடாது. தமிழ்க் கிறிஸ்தவர் தமிழ் ராகத்தில் பாட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றிராவிட்டால், இந்தக் கட்டுரைக்கே பொருள் இருந்திருக்காது. ஒரே மனிதரிடம் இரண்டும் இருந்தன. அவருடைய சாதிப் பிடிப்பைக் காலம் கழித்துவிட்டது, பாட்டை வைத்துக்கொண்டது. அதைக் கழித்தவர்கள் யார் என்பதுதான் சுவையான செய்தி.

அரண்மனை வாசலும் ஜெபக்கூட வாசலும்

தஞ்சையின் இசை திருவிதாங்கூருக்குள் இரண்டு வாசல்கள் வழியாக வந்தது.

முதல் வாசல் அரண்மனை. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா தாமே பெரிய வாக்கேயக்காரர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அவருடைய அவையில் இருந்தார். இன்றும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் திருவனந்தபுரம் போகும் ஊர்வலம் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான் செல்கிறது. அங்கே நவராத்திரி மண்டபத்தில் நடக்கும் கச்சேரிகள் அந்த மரபின் தொடர்ச்சி. ஆனால் அந்தக் காலத்தில், ஊர்வலம் போகும் சாலையோரத்து ஊர்களில் வாழ்ந்த நாடார், சாம்பவர், புலையர் குடும்பங்களுக்கு அந்த மண்டபத்தின் பக்கம் போகவே உரிமை கிடையாது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கக்கூட உரிமை கிடையாது. புலையரும் பறையரும் 1855 வரை சட்டப்படியே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த நாடு இது.

இரண்டாவது வாசல் ஜெபக்கூடம். லண்டன் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806இல். அங்கே முதல் ஆலயம் எழுந்தது 1809இல். பிறகு 1818இல் அதே மிஷனின் மீட் நாகர்கோவிலுக்கு வந்தார், பள்ளியும் அச்சகமும் தோன்றின. இவற்றை முந்தைய பகுதிகளில் விரிவாகப் பார்த்துவிட்டோம். பாட்டைப் பொறுத்தவரை நாம் நிற்க வேண்டிய ஆண்டு 1853. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அந்த ஆண்டில் ஒரு கீர்த்தனைப் புத்தகத்தைத் தொகுத்து அச்சிட்டார். அதில் பெரும் பங்கு வேதநாயகம் சாஸ்திரியாருடைய பாடல்களுக்கு. அதுவரை தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் ஏட்டிலும் வாய்மொழியிலும் இருந்த கீர்த்தனை இனி எந்த மிஷன் எல்லைக்கும் புத்தகமாகப் போகலாம் என்றாயிற்று.

தெற்குத் திருவிதாங்கூர் அதை வாங்கிக்கொண்டதோடு நின்றுவிடவில்லை. மயிலாடி ஜான் பால்மர் 1865இல் ‘கிறிஸ்தாயனம்’ என்ற காப்பியத்தையே வெளியிட்டார். கீர்த்தனைகளும் எழுதினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்புவரை ஏட்டைத் தொட உரிமையில்லாதிருந்த மக்களிடையே தோன்றிய சபையிலிருந்து காப்பியம் எழுந்த வேகத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கீர்த்தனை ஏன் வேர்பிடித்தது

மிஷனரிகள் கொண்டுவந்த பாட்டு வேறு வகை. ஆங்கில, ஜெர்மானிய மெட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு அவற்றுக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்தினார்கள். இன்று ‘பாமாலை’ என்று ஆலயங்களில் பாடப்படுவது அந்த வழியில் வந்ததுதான். அவற்றுள் நெஞ்சை உருக்கும் பாடல்கள் உண்டு. ஆனால் தொடக்க காலத்தில் அவற்றைப் பாடுவது எளிதாக இருக்கவில்லை. ஐரோப்பிய மெட்டு அசை அழுத்தத்தை நம்பி நடக்கிறது. தமிழ் குறில் நெடிலை நம்பி நடக்கிறது. மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து விழுந்தால் அதை நெடிலாக இழுத்தாக வேண்டும், சொல் காதுக்கு வேறாகக் கேட்கும். புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு அது பெரிய குறையில்லை. புத்தகமே படிக்கத் தெரியாதவருக்கு அது பாட்டின் வாசலையே அடைத்துவிடும்.

கீர்த்தனையில் அந்தத் தொல்லை இல்லை. ஓலை வேய்ந்த, மண்சுவர் வைத்த ஜெபக்கூடத்தில் அது எப்படிப் பாடப்பட்டது என்று பாருங்கள். சபையில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் உபதேசியார் ஒருவர்தான். அவர் பல்லவியை எடுப்பார். சபையார் திருப்பிச் சொல்வார்கள். அனுபல்லவியை அவர் பாடுவார், சபை மறுபடியும் பல்லவிக்கு வரும். பிறகு சரணம். சரணத்தில்தான் கதை வரும், உபதேசம் வரும், வேத வசனம் வரும். அதை உபதேசியார் ஒவ்வோர் அடியாகச் சொல்லச் சொல்லச் சபை வாங்கிப் பாடும். எதுகையும் மோனையும் அடுத்த அடியின் முதற்சொல்லை நாவுக்கு எடுத்துக் கொடுத்துவிடும். கைத்தாளம் ஒன்று போதும், வேறு வாத்தியம் தேவையில்லை. ஒரு வேனிற்காலத்துக்குள் முப்பது நாற்பது பாட்டுகள் வயலில் நாற்று நடுகிறவர்களுக்கும் பனையேறுகிறவர்களுக்கும் மனப்பாடம் ஆகிவிடும்.

அந்தப் பாட்டுகளின் தலைப்பில் ஆனந்தபைரவி, செஞ்சுருட்டி, ரூபக தாளம், ஆதி தாளம் என்று அச்சிட்டிருக்கும். நவராத்திரி மண்டபத்தில் ஒலித்த அதே இசை மரபின் ராகங்களும் தாளங்களும். மண்டபத்துக்குள் நுழைய முடியாதவர்கள் தங்கள் ஜெபக்கூடத்தில் அவற்றைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். இலக்கண சுத்தமாகப் பாடினார்களா என்பது வேறு கேள்வி. பாடினார்கள் என்பதே இங்கு செய்தி. தஞ்சைச் சாஸ்திரியார் யாரோடு சேர்ந்து உட்காரத் தயங்கினாரோ, அந்த மக்களின் தொண்டையில்தான் அவருடைய பாட்டு தெற்கே உயிரோடு இருந்தது. அவருடைய சாதிப் பிடிப்பைக் கழித்துவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள்தான்.

திருப்புறத்துச் சாஸ்திரியார்

இனி எல்லைக்கு வருவோம். லண்டன் மிஷனின் நாகர்கோவில், நெய்யூர் வட்டாரங்களில் தமிழ் வழங்கியது. திருவனந்தபுரம், கொல்லம் பக்கம் மலையாளம். பாறசாலை வட்டாரம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, ஆலயத்தில் ஒரு மொழி என்று வாழ்ந்த ஊர்கள் இவை. பனச்சமூட்டுச் சந்தையில் இன்றும் மரச்சீனிக்கு விலை கேட்கிறவர் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பதைக் கேட்கலாம். மிஷனரி ஜான் ஆப்ஸ் பாறசாலையில் பணிசெய்த காலத்திலும், அவருக்குப் பின் சாமுவேல் மட்டீர் வந்த காலத்திலும் இப்படித்தான் இருந்தது.

அந்த நிலத்தில், நெய்யாற்றின்கரைக்கு அருகில் திருப்புறம் என்ற ஊரில், 1847இல் ஒரு குழந்தை பிறந்தது. சுவாதித் திருநாள் மறைந்த மறு ஆண்டு. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் கேரளம் முழுவதும் அறிந்த மோசவத்சலம் சாஸ்திரியார். லண்டன் மிஷன் சபையில் வளர்ந்தவர், மிஷன் கல்வி பெற்றவர். முறையாக இசை பயின்றவர். திருவனந்தபுரத்தில் பணியாற்றியபோது ஒரு பாடகர் குழுவைச் சேர்த்துக்கொண்டு இசை வழியாகப் பிரசங்கம் செய்தார். தஞ்சையில் வேதநாயகம் சாஸ்திரியார் செய்ததும் இதுதான். இருவருக்கும் பட்டமும் ஒன்றாகவே அமைந்தது.

மோசவத்சலத்துக்கு முன் மலையாளத்தில் கிறிஸ்தவப் பாட்டு இல்லாமல் இல்லை. அர்ணோஸ் பாதிரியாரின் ‘புத்தன் பான’ பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சிரியன் கிறிஸ்தவர்களின் மார்க்கம்களிப் பாட்டுகள் உண்டு, ஆலய வழிபாட்டில் சுரியானி மொழிப் பாடல்கள் உண்டு. இல்லாதிருந்தது, சபை முழுவதும் சேர்ந்து சொந்த மொழியில் ராக தாளத்தோடு பாடும் கீர்த்தனை. ஆங்கிலப் பாடல்களை மலையாளத்தில் பெயர்த்துப் பார்த்தபோது தமிழில் நேர்ந்த அதே இடர்ப்பாடு அங்கும் நேர்ந்தது. தமிழ் தன் இடர்ப்பாட்டுக்குக் கண்டிருந்த விடை மோசவத்சலத்தின் கையருகே இருந்தது. தெற்கே அதிகத் தொலைவில்லாமல் நாகர்கோவில். அங்கே கீர்த்தனை பாடிப் பழகிய சபைகள். அந்தக் கட்டமைப்பை மலையாளத்துக்கு எடுத்துச் செல்ல இரண்டு மொழிகளும் காதில் ஒலிக்கும் எல்லை நிலத்துப் பிள்ளையால்தான் முடிந்தது.

அவர் ஆங்கிலப் பாடல்களையும் பெயர்த்தார், சொந்தமாகவும் நிறைய எழுதினார். அவை ‘கீதமஞ்சரி’ என்ற பெயரில் நூலாயின. அவற்றுள் மலையாளிகள் அதிகம் பாடுவது ‘நின்றெ ஹிதம் போலெ’ என்று தொடங்கும் பாட்டு. என் விருப்பப்படி அல்ல, உன் சித்தப்படி என்னை நடத்து என்ற வேண்டுதல் அது. பாடுகிறவர் அதில் பொருளும் புகழும் கேட்பதில்லை. வழி எப்படிப்பட்டதாக இருந்தாலும் துணை இருந்தால் போதும் என்கிறார். வீட்டு ஜெபத்திலும் அடக்க ஆராதனையிலும் நோயாளியின் கட்டிலருகிலும் அந்தப் பாட்டு பாடப்படுகிறது. பாட்டைக் கேட்டால், அதில் வரும் இம்பமும் தும்பமும் தமிழ்க் காதுக்கு மொழிபெயர்ப்பாளர் உதவியின்றியே விளங்கிவிடும். வடமொழிச் சொற்களை வேண்டிய இடத்தில் வைத்தார், ஆனால் கஷ்டப்படுகிறவர் வாயில் இயல்பாக வரும் சொற்களைத் தெற்குத் திருவிதாங்கூர்ப் பேச்சிலிருந்தே எடுத்தார். அதனால்தான் பாட்டு படித்தவருக்கும் படிக்காதவருக்கும் பொதுவாயிற்று.

சரணாகதிப் பாட்டு என்றால் அடங்கிப்போகச் சொல்லும் பாட்டு என்று சிலர் நினைக்கலாம். இந்த நிலத்தின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் பொருள் வேறு. என் மேல் அதிகாரம் உள்ளவன் ஆண்டவன் ஒருவனே என்று பாடுகிறவன், நிலவுடைமையாளனான ஜென்மியின் அதிகாரத்துக்கும் சாதியின் அதிகாரத்துக்கும் அந்த இடத்தைக் கொடுக்க மறுக்கிறான். ஆலயம் எரிந்தபோதும் சபையை விட்டு ஓடாத மக்களின் பிள்ளைகள் பாடிய பாட்டு இது.

பாட்டு ஏறிய படிகள்

மோசவத்சலம் சாஸ்திரியார் 1916இல் காலமானார். திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வர அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகள் ஆயின. அவருடைய பாட்டுகள் அதற்கு முன்பே பல மதில்களைத் தாண்டியிருந்தன. லண்டன் மிஷன் சபைகளைத் தாழ்ந்த சாதியார் சபை என்று விலக்கிவைத்திருந்த மத்தியத் திருவிதாங்கூரின் சிரியன் கிறிஸ்தவர்களிடையிலும் அவை போய்ச் சேர்ந்தன. மார்த்தோமா சபையின் பாட்டுப் புத்தகத்தில் அவருடைய பாடல்கள் இடம்பெற்றன. பந்தியில் சேர்ந்து உட்காராதவர்கள் பாட்டில் சேர்ந்துகொண்டார்கள். வேலை தேடி வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன மலையாளிகள் இன்று அங்கே கூடும் ஆராதனைகளிலும் திருப்புறத்துச் சாஸ்திரியாரின் பாட்டைப் பாடுகிறார்கள். மோசவத்சலத்தின் காலத்திலேயே ஜெர்மனியிலிருந்து வந்து மலையாளத்தில் பாட்டெழுதிய நாகல் சாயிபுவும் புகழ்பெற்றவர். ஆனால் மண்ணில் பிறந்து, மண்ணின் ராகத்தில் பாடிய முன்னோடி என்ற இடம் மோசவத்சலத்துக்கே உரியது.

பிறகு எல்லைக்கோடு வந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது நாகர்கோவிலும் நெய்யாற்றின்கரையும் தெற்குத் திருவிதாங்கூர் என்ற ஒரே பேராயத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மூன்றே ஆண்டுகளில், 1959இல், பேராயமும் கன்னியாகுமரி, தென்கேரளம் என்று இரண்டாகப் பிரிந்தது. ஆலயத்தின் மொழி இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம் என்று முடிவாயிற்று. பனச்சமூடு போன்ற ஊர்களில் அண்ணன் வீட்டு அலமாரியில் தமிழ்க் கீர்த்தனைப் புத்தகமும் தம்பி வீட்டு அலமாரியில் மலையாளக் கீர்த்தனைப் புத்தகமும் வந்தன.

இந்தப் பிரிவால் ஒரு நட்டம் நேர்ந்திருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவ இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் வேதநாயகம் சாஸ்திரியார், எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஆபிரகாம் பண்டிதர் என்று வரிசைப்படுத்தி, மலையாளத்தில் எழுதியவர் என்பதால் மோசவத்சலத்தை விட்டுவிடுகிறார்கள். மலையாளக் கிறிஸ்தவப் பாட்டின் வரலாறு எழுதுகிறவர்கள் அவரிடமிருந்து தொடங்கி, அவருக்குப் பின்னால் நிற்கும் தமிழ்க் கீர்த்தனை மரபைப் போகிற போக்கில் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டும் குறை. தஞ்சை, மயிலாடி, நாகர்கோவில், பாறசாலை, திருப்புறம் ஆகியவற்றை ஒரே வழியாகப் பார்த்தால்தான் இந்த இசையின் வரலாறு முழுமை பெறும். அந்த வழியில் பாட்டைச் சுமந்து வந்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத உபதேசியார்களும், எழுதப் படிக்கத் தெரியாமலே நூறு பாட்டுகளை மனத்தில் வைத்திருந்த பாட்டிமார்களும்தான்.

எனவே இந்தத் தொடரைப் படிக்கும் எல்லை ஊர் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் அல்லது சபையின் பழைய பெட்டியில் ராகமும் தாளமும் குறித்த கீர்த்தனைப் புத்தகம் இருந்தால், தமிழானாலும் மலையாளமானாலும், அதைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். புதிய பதிப்புகளில் ராகக் குறிப்புகள் விடுபட்டுப் போகலாம், கீபோர்டுக்கு ஏற்ப மெட்டுகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. பழைய மெட்டு தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களை உட்காரவைத்து, பல்லவி முதல் கடைசிச் சரணம் வரை பாடச் சொல்லிக் கைபேசியில் பதிவுசெய்யுங்கள். யாரிடம் கற்றார்கள், எந்த ஊர் ஆலயத்தில் கற்றார்கள் என்பதையும் கேட்டு எழுதிவையுங்கள். இந்த நிலத்தின் அடித்தட்டு மக்கள் விட்டுச்சென்ற ஆவணங்கள் மிகக் குறைவு. அவற்றுள் இந்த மெட்டுகளும் அடங்கும். அவற்றைக் காப்பது நம் பொறுப்பு.

(தொடரும்)